அறுபத்திரண்டு முழம்

நகராட்சிக்கு ஓவர்சியர்கள் வருவார்கள், போவார்கள். ஒருத்தர் மாற்றலாகிப் போனால் அதே நாற்காலியில் அதே குடையோடு இன்னொருத்தர் வந்து உட்காருவார். செயின்மேன் வீரமலைக்கு மட்டும் மாற்றல் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அதே காக்கிச் சட்டை, தோளில் அதே நூறடிச் சங்கிலி. ஸ்ரீரங்கத்தில் அவர் சங்கிலி போட்டு அளக்காத சந்து இல்லை. யார் வீட்டுப் படி தெருவுக்குள் ஒரு சாண் நீண்டிருக்கிறது, யார் கொட்டகை சாக்கடை மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் அவர் தெருவில் நடந்தால் நாலு பேர் வணக்கம் சொல்வார்கள். அந்த வணக்கத்தில் பாதி பயம் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொள்வார்.

சங்கிலியை அவர் பிள்ளையைப் போல வைத்திருந்தார். அதில் நூறு கண்ணி. ஒரு கண்ணிக்கு ஓரடி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். இரண்டு முனையிலும் பித்தளைக் கைப்பிடி. சனிக்கிழமை தோறும் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைப்பார். வீட்டில் வேலம்மாளுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

“எனக்கு ஒரு சங்கிலி வாங்கிப் போட வக்கில்ல. ஆபீஸ் சங்கிலிக்கு என்ன சீராட்டு!”

“இது தப்பா காட்டுச்சுன்னா ஒருத்தன் வீடு இடிஞ்சு போயிரும்டி. தெரியுமா உனக்கு?”

இப்படிச் சொன்ன வாய்தான். அதை மறந்துவிட வேண்டாம்.

படித்துறைத் தெரு காவேரியிலிருந்து ஏறி வருகிற தெரு. விடியற்காலையிலிருந்து குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஜனங்கள் நடந்து வருவார்கள். கால் நடக்கிற வேகத்துக்குத்தான் அந்தத் தெருவில் வியாபாரம். நடக்கிறவர் நிற்பார், பூவை முகர்ந்து பார்ப்பார், நாலு பழம் வாங்குவார், நாமம் இடுகிற திருமண் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்காமலே போவார், போகிறபோது வாங்குவார். எந்தக் காலத்திலோ மிரண்டு ஓடிய ஒரு வண்டி மாடு குளித்து வந்த பெண்ணொருத்தியைத் தள்ளிவிட்டதில் அவள் இடுப்பு ஒடிந்து போயிற்றாம். அன்றிலிருந்து நகராட்சியில் ஒரு தீர்மானம்: படித்துறைத் தெரு நடக்கிறவர்களுக்கு. தெருவின் பொதுக் குழாயிலிருந்து நூறடிக்குள் யாரும் வண்டி வாசல் வைக்கக் கூடாது. தெருமுனையில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் அது இருக்கும். அதன் மேல் சினிமா நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

அந்தக் குழாயடியில்தான் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். வீரமலையின் தங்கை. அவள் புருஷன் பரிசல் ஓட்டியவன். ஒரு ஆடிப் பெருக்கில் போனவன் வரவில்லை. அண்ணன் வீட்டுக் கொல்லையில் ஒரு அறையில் வந்து தங்கினாள். வீரமலைதான் அப்போதிருந்த ஓவர்சியரிடம் சொல்லி அவளைக் குழாயடியில் உட்கார வைத்தார். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கக் கையெட்டும் தூரத்தில் குழாய், வெயில் தாழ்ந்தால் எதிர்க் கடை நிழல். பதினாலு வருஷமாக அவளுக்கு அந்த ஒரு சாக்கு அகலம்தான் உலகம். மல்லி, மருக்கொழுந்து, துளசி, கதம்பம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் சரத்தை இழுத்து, அதற்கப்புறம் இரண்டு விரல் கூடவிட்டு நறுக்குவாள். “பொன்னுத்தாய் முழம்” என்று தெருவில் பேரே உண்டு. அந்த இரண்டு விரலுக்காகப் பத்துப் பூக்காரிகளைத் தாண்டி அவளிடம் வருகிறவர்கள் இருந்தார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் முடிந்த கையோடு வந்தது கார் ஓட்டல்.

தெருமுனையில் ரெங்கராஜின் ஓட்டல் ரொம்ப நாளாக இருப்பதுதான். முகப்பு பெரிய சாலையைப் பார்த்திருக்கும். பக்கச் சுவர் படித்துறைத் தெருவோடு நீண்டு வரும். அவர் மெட்ராஸுக்குப் போய் எதையோ பார்த்துவிட்டு வந்திருந்தார். கார் ஒரு வாசலில் நுழையுமாம். உள்ளே முற்றத்தில் நிற்குமாம். காரில் வந்தவர்கள் கீழே கால் வைக்காமலே உட்கார்ந்திருப்பார்களாம். சர்வர் ஒரு தட்டைக் கொண்டுவந்து கார்க் கதவில் கொக்கி போட்டு மாட்டுவானாம். தின்று முடித்ததும் கார் இன்னொரு வாசல் வழியாக வெளியே போய்விடுமாம்.

“கால்ல என்ன, புண்ணா?” என்று கேட்டாள் வெற்றிலை பழம் விற்கிற மயிலம்மாள். குழாய்க்கு அந்தப் பக்கம் அவள் கூடை. தெருவிலேயே பெரிய குரல் அவளுடையதுதான். “இறங்கி வந்து திங்கிறதுக்கு என்னவாம்?”

“பெரிய மனுசங்கக்கா” என்றாள் பொன்னுத்தாய். “நமக்கென்ன? வந்து தின்னுட்டுப் போறாங்க.”

நுழைகிற வாசல் பெரிய சாலையில் இருந்தது. அதில் தொந்தரவு இல்லை. வெளியே போகிற வாசலுக்குப் படித்துறைத் தெருப் பக்கம்தான் இடம் இருந்தது. அதுவும் சமையல்கட்டு அடுப்புக்கும் சுவர்க் கோடிக்கும் நடுவில் ஒரே ஒரு இடைவெளி. குழாயிலிருந்து அது நூறடி இருந்தால் அனுமதி. இல்லாவிட்டால் அடுப்பை இடிக்க வேண்டும். ஓவர்சியர் தர்மராஜ், புதன்கிழமை வந்து அளக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வீரமலை ஓட்டல் வழியாகப் போனார். ரெங்கராஜ் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

“வாங்க வாங்க. உங்களத்தான் நெனச்சேன். உள்ள வாங்க.”

இருபத்திரண்டு வருஷத்தில் வீரமலை அந்த ஓட்டலுக்குள் உட்கார்ந்ததில்லை. ஓவர்சியர்கள் உள்ளே டபரா செட்டில் காபி சாப்பிடுவார்கள். இவருக்கு வாசலில் நின்றபடியே கண்ணாடி கிளாஸில் வரும். அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாததனால் இல்லை என்று ஆகிவிடாது.

முற்றத்தில் ரெங்கராஜின் அம்பாசிடர் நின்றது. அவர் பின்கதவைத் திறந்தார்.

“ஏறி உக்காருங்க.”

“எதுக்குங்க மொதலாளி? நான் நின்னுக்கிறேன்.”

“அட உக்காருங்க அண்ணே. தட்டு கதவுல சரியா நிக்குதான்னு பாக்கணும். மொதத் தட்டு உங்களுக்குத்தான். ராசியான கை.”

அண்ணே என்றார் முதலாளி. வீரமலை செருப்பைக் கழற்றிவிட்டுக் காருக்குள் ஏறினார். மெத்தை அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. தட்டு வந்து கதவில் தொங்கியது. நெய் ரோஸ்ட், இரண்டு சட்னி, கிண்ணத்தில் சாம்பார், டபராவில் நுரைத்த காபி. சர்வர் குனிந்து நின்று, “வேற என்னங்க கொண்டு வரட்டும்?” என்று கேட்டான். ஒரு சொட்டு சாம்பார் மெத்தையில் விழுந்துவிட்டது. வீரமலை பதறிப்போய் வேட்டி நுனியால் துடைத்தார். சர்வர் தடுத்து, “இருக்கட்டுங்கய்யா, நான் தொடைக்கிறேன்” என்றான். அந்த ‘ஐயா’ அவர் காதுக்குள் ரொம்ப நேரம் இருந்தது.

ரெங்கராஜ் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு காசு நீட்டவில்லை. கார்க் கதவில் கையை ஊன்றிக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்:

“நூறுக்கு ஒரு ஆறு ஏழடி கொறையும்னு கொத்தனார் சொல்றான். நாளைக்குச் சங்கிலி போடறப்பக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. உங்க தங்கச்சிக்கும் நல்லதுதானே? கார்ல வர்ற பொம்பளைங்க பூவா வாங்கித் தள்ளுவாங்க.”

வீரமலை தலையாட்டினார். வாயில் ரோஸ்ட் இருந்தது.

இவ்வளவுதான் விலை. லஞ்சம் வாங்குகிறவன்கூடக் கணக்காக வாங்குவான். இவர் ஒரு ரோஸ்ட்டுக்கும் ஒரு மெத்தைக்கும் போனார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அளவு நடந்தது. தர்மராஜ் குடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டல் சுவரோரம் நிழலில் நின்றார். சின்ன செயின்மேன் மூக்கன் முன்முனையை இழுத்துக்கொண்டு போனான். பின்முனை வீரமலை கையில். குழாயடிதான் ஆரம்பம், அனுபவம் உள்ளவன்தான் ஆரம்பத்தைப் பிடிக்க வேண்டும் என்பது தொழில் முறை. கைப்பிடியைக் குழாய்க் கல்லில் ஊன்றினார். முதல் ஏழு கண்ணியைக் காலால் ஒதுக்கி மடித்தார். மடிப்பு வெளியே தெரிந்தது. பக்கத்தில் பொன்னுத்தாயின் பூச்சாக்கு விரித்துக் கிடந்தது. அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தூக்கி மடிப்பை அதற்கடியில் தள்ளினார்.

பொன்னுத்தாய் கட்டிக்கொண்டிருந்த சரத்திலிருந்து நிமிர்ந்தாள்.

“அண்ணே, இங்க சுருண்டு கெடக்கு பாருங்க. இழுத்து விடவா?”

“இல்ல, இருக்கட்டும். நீ சாக்க நல்லாப் போட்டு உக்காரு. ஜனம் தட்டி விட்டுரும்.”

அவள் சாக்கைச் சரியாக இழுத்துப் போட்டு அதன் மேல் கூடையைத் தூக்கி வைத்தாள். அண்ணன் சொன்னால் அதில் ஏதோ வேலை முறை இருக்கும் என்று நினைத்தாள்.

“எட்டிருச்சு சார்! நூறு!” என்று மூக்கன் கத்தினான். தர்மராஜ் குடைக்குள்ளிருந்தே எழுதிக்கொண்டார்.

சங்கிலியைச் சுருட்டும்போது வீரமலை தங்கையின் கூடையைத் தானே நகர்த்தினார். அவள் ஒரு முழம் கதம்பத்தை எடுத்து, “அண்ணிக்கு” என்று நீட்டினாள். தினமும் கொடுப்பதுதான்.

ஏழடிதானே, என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஏழடியில் யார் குடி முழுகிவிடப் போகிறது?

பங்குனியில் சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். கார்கள் வந்தன. சமயபுரத்துக்குப் போகிற கார், செட்டிநாட்டுக் கார், கல்யாணக் கார். உள்ளே போன கார் படித்துறைத் தெருவில் மூக்கை நீட்டி, திரும்ப இடமில்லாமல் ஹாரன் அடித்தது. குளித்துவிட்டு வந்த ஜனங்கள் சாக்கடை ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். ஒதுங்கி நடக்கிறவன் நிற்க மாட்டான். நிற்காதவன் வாங்க மாட்டான். ஒரு மாதத்தில் பாதிப் பேர் பக்கத்துத் தெரு வழியாகவே போக ஆரம்பித்துவிட்டார்கள். காரில் வந்த பெண்கள் பூ வாங்கித் தள்ளுவார்கள் என்று ரெங்கராஜ் சொன்னாரல்லவா? அவர்கள் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

அப்புறம் நோட்டீஸ் வந்தது. கார் திரும்ப வசதியாக, குழாயிலிருந்து வாசல் வரைக்கும் தெருவோரம் உட்கார்ந்து விற்கிற பன்னிரண்டு பேரும் எழுந்து, பின்னால் கழிப்பிடச் சுவரோரம் போக வேண்டும். நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்ததே வீரமலைதான். ஆபீஸில் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மயிலம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “என்ன எழுதியிருக்கு இதுல?”

அவர் சொன்னார். பொன்னுத்தாய் கூடையில் துளசியை ஒதுக்கி வைத்துவிட்டு, “அங்க தண்ணி கெடையாதேண்ணே” என்றாள்.

“நான் ஓவர்சியர்கிட்ட சொல்லிப் பாக்கறேன்.”

“சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

அவர் சொல்லவில்லை. எதைச் சொல்வது?

மயிலம்மாள் சும்மா இருக்கிறவள் இல்லை. “நூறடியாமில்ல, நூறடி? நான் பொறந்ததுலேருந்து கொடம் தூக்குற தெரு இது. எனக்குத் தெரியாத நூறடியா?” என்று கிளம்பினாள். வாழைநாரை முடிந்து முடிந்து நீளமாக்கி, குழாயிலிருந்து கார் வாசல் வரைக்கும் பிடித்தார்கள். பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு வந்து பொன்னுத்தாய் மடியில் போட்டார்கள். முழம் போட அவளை விட்டால் யார்?

வீரமலை அப்போது எதிர்க் கடை நிழலில் நின்றிருந்தார். பொன்னுத்தாய் நாரை இழுத்து முழங்கையில் வைத்து நடுவிரல் நுனியில் நிறுத்தினாள். அந்த இரண்டு விரலை விடவில்லை.

“என்னடி, கையி சுருங்கிப் போச்சா?” என்று ஒருத்தி கேலி செய்தாள்.

“இது யாவாரமில்லக்கா. வழக்குக்கு அளக்கறப்பக் கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது.”

அறுபத்திரண்டு முழம் வந்தது. இரண்டு முழத்துக்கு மூன்றடி. பக்கத்துத் திருமண் கடைக்காரர் பலகையில் கணக்குப் போட்டுத் தொண்ணூற்று மூன்று என்றார். தெருவே ஓவென்று இரைந்தது. வீரமலை நிழலுக்குள் இன்னும் தள்ளி நின்றார். இருபத்திரண்டு வருஷமாகத் தன் சங்கிலியைத்தான் நம்பினார். இப்போது தங்கையின் கை அவரை ஓரடி பிசகாமல் பிடித்துவிட்டது.

மனு எழுதினார்கள். குழாயடிக்காரி என்பதால் முதல் கைரேகை பொன்னுத்தாயுடையது. அன்று சாயங்காலம் வீட்டில் அவளே வந்து சொன்னாள்.

“மறு அளவு கேட்டிருக்கோம்ணே. கமிஷனர் நேரா வர்றாராம். உங்க மேல யாருக்கும் சந்தேகம் இல்ல. அந்த ஓவர்சியரு தப்பா எழுதியிருப்பாருன்னு மயிலக்கா சொல்லுது.”

வேலம்மாள் அடுப்படியிலிருந்து, “எங்க வீட்டுக்காரரு சங்கிலியா தப்புச் சொல்லும்?” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். வீரமலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். அடுப்புக்கும் தட்டுக்கும் நடுவில் மூன்றே பேர். ஏழடி மடிச்சேன் தாயி என்று சொன்னால் முடிந்தது. வேலை போகும், போகட்டுமே. அவருக்கு வேலை போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. எதற்காக மடித்தீர்கள் என்று அவள் கேட்பாளே, அதற்கு என்ன பதில் சொல்வது? தோசைக்கு என்றா?

நகராட்சிக் கமிஷனர் அற்புதசாமி வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வந்தார். நல்ல மனிதர், பெண்களை முதலில் பேசவிட்டார்.

“நூறடி இல்லேன்னு எப்படிம்மா சொல்றீங்க?”

“முழம் போட்டோம் சாமி” என்றாள் மயிலம்மாள். “அறுவத்தி ரெண்டு முழம்.”

“யார் கை முழம்?”

“இவ கையி. பொன்னுத்தாயி.”

கமிஷனர் சிரித்தார். “சர்க்கார் முழத்தை ஏத்துக்காதும்மா. சங்கிலியே போட்டுருவோம். வீரமலை, பிடி.”

மூக்கன் முன்முனையை எடுத்துக்கொண்டு நடந்தான். கண்ணிகள் கல்லில் சலசலவென்று ஓடின. வீரமலை குழாயடியில் குந்தினார். கைப்பிடியைக் கல்லில் வைக்கும்போது அது கையிலிருந்து நழுவிற்று. பித்தளை கல்லில் ணங்கென்று தட்டிற்று, எடுத்து மறுபடியும் ஊன்றினார். தலை நிமிரவில்லை. அவருடைய பார்வை தானாகச் சாக்கின் விளிம்புக்குப் போயிற்று. அதே சாக்கு. அதே இடம்.

நிமிர்ந்தபோது பொன்னுத்தாய் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பார்த்தாள். அப்புறம் அவர் பார்த்த இடத்தை, சாக்கின் விளிம்பைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள் என்று வீரமலைக்குத் தோன்றியது. மூக்கன் பத்தடிகூடப் போயிருக்க மாட்டான். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு அந்தச் சாக்கை இழுத்துப் போட்டு மேலே கூடையை வைத்தவள் அவள்தானே.

“அய்யா” என்றாள். எழுந்து நின்றாள். “அளக்க வேணாங்கய்யா.”

“என்னடி சொல்றே?” என்றாள் மயிலம்மாள்.

“மொழம் போட்டது நாந்தாங்க. என் மொழம் எப்பவுமே ரெண்டு வெரல் கூடத்தான் இருக்கும். தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. அது பழக்கத்துல வந்துருச்சு. அதான் கொறைச்சலாத் தெரிஞ்சிருக்கு.”

கமிஷனர் பென்சிலை எடுத்து மனுவின் ஓரத்தில் கணக்குப் போட்டார். “அறுபத்திரண்டு முழத்துக்கு ரெண்டு ரெண்டு விரல்... கிட்டத்தட்ட ஏழடி வருது. நூறு சரியாப் போச்சே!” அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

“பொய்யி சாமி!” மயிலம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “வெரல் நுனியோட நிறுத்தினா சாமி, நாங்க அத்தன பேரும் பாத்தோம்! ஏண்டி, சாமி முன்னாடி பொய் பேசற? சங்கிலியப் போடுங்க சாமி!”

கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்தார். தர்மராஜ் குடையை அவர் பக்கம் சாய்த்து, “அடுத்த அளவு ஒரு மணிக்கு இருக்கு சார்” என்றார். கமிஷனர் கீழே குந்தியிருந்தவரைப் பார்த்தார்.

“வீரமலை, அன்னிக்கு இந்த முனையை நீதானே பிடிச்சே?”

“ஆமாங்கய்யா.”

“சரியா இருந்துச்சா?”

சங்கிலி அவர் முன்னால் தெருவில் நீட்டிக் கிடந்தது. மூக்கன் நாற்பதடியில் நின்று திரும்பிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும், அது தானே சொல்லிவிடும். இவர் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். பொன்னுத்தாய் இவரைப் பார்க்கவில்லை. பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“சரியா இருந்துச்சுங்க” என்றார் வீரமலை.

“அளந்தவனும் சொல்றான், முதல் ரேகை வச்சவளும் சொல்றா. அப்புறம் என்ன?” என்று சொல்லிக் கமிஷனர் மனுவை மடித்தார்.

பன்னிரண்டு கூடைகளும் கழிப்பிடச் சுவரோரம் போயின. அங்கே காவேரிக் காற்று வராது. வந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாமிக்குப் போகிற பூவை அந்தச் சுவரடியில் யார் வாங்குவார்கள்? பொன்னுத்தாய் பழைய குழாயடியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வருவாள். கார் வாசலில் ஹாரன் கேட்டால் குடத்தோடு நின்று, கார் போனபிறகு நடப்பாள். மற்றப் பெண்கள் தங்கள் கூடைகளை அவளிடமிருந்து நாலு கை தள்ளியே வைத்தார்கள். அவளோடு பேச்சு வார்த்தை இல்லை.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வீரமலை அந்தப் பக்கம் போனார். மயிலம்மாள் வாடிப்போன வெற்றிலையைக் கழித்துக் கழித்துச் சாக்கடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள்.

“வாங்க செயின்மேன். உங்க தங்கச்சியக் கேளுங்க, ஓட்டல்ல என்ன போட்டாங்கன்னு. பன்னண்டு பேரு வயித்துல அடிச்சுட்டு, அந்தக் கார்க்காரன் குடுத்த தோசையத் தின்னுட்டு நாக்கப் பொரட்டிட்டா. ருசியா இருந்துச்சாடி? சட்னி ரெண்டா, மூணா?”

பொன்னுத்தாய் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். விரல் நிற்கவில்லை.

வீரமலைக்கு உடம்பெல்லாம் கூசியது. சட்னி இரண்டு. அது அவருக்குத் தெரியும். தெருவின் நடுவில் வேட்டி அவிழ்ந்து நிற்பதைப் போலிருந்தது. மயிலம்மாளைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தார்.

“மயிலு... இந்தா பாரு... அது அவ இல்ல...”

“அண்ணே!” என்றாள் பொன்னுத்தாய். சத்தமாகத்தான் சொன்னாள். “அண்ணி பூவுக்குக் காத்திருக்கும். நேரமாச்சு பாருங்க.”

“இல்ல தாயி, நான் சொல்லிடறேன்...”

“என்னத்தச் சொல்லப் போறீங்க இப்ப? கமிஷனர் முன்னாடி சொல்லியாச்சுல்ல.” அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். “நீங்க வேலையில இருந்தாத்தான் அந்த வீட்டுல உலை கொதிக்கும். எனக்கும் அங்கதானே சோறு? போங்கண்ணே.”

சரத்தை முழங்கையில் வைத்தாள். விரலைப் பார்க்காமலே இழுத்தாள். நறுக்கி இலையில் சுற்றி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் மயிலம்மாள் இன்னும் ஏதோ சொல்வது கேட்டது.

வீட்டில் வேலம்மாள் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். வீரமலை வாசற்படியில் உட்கார்ந்து இலையைப் பிரித்தார். சரத்தின் ஒரு முனையைத் தன் முழங்கையில் வைத்தார். மெதுவாக நீவி நடுவிரல் வரைக்கும் கொண்டுபோனார். ஆண்பிள்ளைக் கை, தங்கையின் கையைவிட நீளமானது. அப்படியும் சரம் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது.

“என்னங்க பண்றீங்க?” என்று கேட்டாள் வேலம்மாள்.

“அளக்கறேன்.”

“நல்லாருக்கு! பொன்னுத்தாய் பூவையா? கொறையுதாக்கும்?”

அவர் சரத்தை மறுபடியும் முழங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இல்ல” என்றார். “கூடத்தான் இருக்கு.”